சின்ன சாரின் தட்டு மரங்கள்

அவர் கையில் செத்த மரங்கள் பதினொன்று. அத்தனையையும் நான் பார்த்திருக்கிறேன். செத்த ஒன்றைக்கூட அவர் அன்றைக்கே பிடுங்கி எறிந்ததில்லை. இலை உதிர்ந்து, பட்டை சுருங்கி, தொட்டால் முறிகிற குச்சியாக நின்றாலும், மற்றவற்றுக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு கை தண்ணீர் ஊற்றுவார்.

"போயிடுச்சு சார், விடுங்க" என்பேன்.

"பத்து நாள் பாப்போம் சார்" என்பார். பத்து நாள் போனதும் இன்னொரு பத்து நாள்.

நன்னிலம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்கூடம் அது. ஓடு வேய்ந்த ஒரே கூடம். நடுவில் தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தோம். தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவரைவிட எனக்கு ஒன்றிரண்டு வயதுதான் கூட. ஆனாலும் நான் தலைமையாசிரியர் என்பதால் பிள்ளைகளுக்கு நான் பெரிய சார், அவர் சின்ன சார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. நானும் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் அதை விரும்பமாட்டார்.

தெற்குத் தெருவில் முதன்முதலாக வாத்தியார் பயிற்சி முடித்தவர் அவர்தான். ஆனால் அவர் வீடு தெருவுக்குள் இல்லை. மிராசுதாரின் நெற்களத்தை ஒட்டித் தனியாக ஒரு குடிசை. அவருடைய அப்பா அந்தக் களத்துக்குக் காவலாளாக இருந்தவர். அப்பா இறந்த பிறகு அம்மாவும் மகனும் அங்கேயே இருந்தார்கள். அந்த அம்மாள் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். மகனுக்குச் சர்க்கார் சம்பளம் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

இந்த மரப் பைத்தியம் அவரைப் பிடித்தது தஞ்சாவூரில். ஒரு சித்திரை விடுமுறையில் விவசாயக் கண்காட்சி பார்க்க இருவரும் போயிருந்தோம். விதைநெல், உரம், பூச்சிமருந்து என்று பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கொட்டகையில் நின்றுவிட்டார். ஒரு மேசைமேல் மூன்று தட்டுகள். ஒவ்வொன்றிலும் முழங்கை உயரத்தில் ஓர் ஆலமரம். அடிமரம் திரண்டு, பட்டை வெடித்து, விழுதுகூட இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"இது நிஜ மரமாங்க?"

"நிஜம்தான். தொடாதீங்க. போன்சாய்னு பேரு. இருபது வருஷ மரம்."

"தட்டோட எங்க வேணாலும் தூக்கிக்கிட்டுப் போலாமா?"

"அதுக்குத்தானே தட்டு."

"எப்படிங்க வளக்கிறது?"

"வேரை வெட்டணும், கிளையை வெட்டணும், சின்னத் தட்டுல வைக்கணும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நம்பி அவர் ஆரம்பித்தார். அதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கத்தில் ஒருவரும் கிடையாது. புத்தகமும் கிடைக்கவில்லை. செத்த மரங்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

வாய்க்கால் மதகின் செங்கல் இடுக்கில் முளைத்திருந்த ஓர் ஆலங்கன்றை அரைநாள் உட்கார்ந்து, வேர் அறாமல், பேனாக்கத்தியால் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அன்றைக்கே வேரையும் வெட்டினார், கிளையையும் வெட்டினார். கத்திரி வெயில் தாங்காது என்று குடிசைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒன்பதாம் நாள் இலை முழுவதும் கொட்டிவிட்டது. இரண்டாவது கன்றை வெளியில் வைத்தார்; சட்டியில் ஓட்டை இல்லை. தண்ணீர் தேங்கி வேர் அழுகி நாற்றமெடுத்தது. மூன்றாவதற்கு ஓட்டை போட்டார். ஆற்றங்கரை வண்டலை நிரப்பினார். அது களிமண்ணாக இறுகி, மேலே காய்ந்தும் உள்ளே சகதியாகவும் நின்று, அதையும் கொன்றது.

"தஞ்சாவூர் மண்ணுல எதை வச்சாலும் வந்துடும்பாங்க. சட்டியில அள்ளிப் போட்டா அதே மண்ணு கொல்லுது சார்" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாத்தியார் வேலைக்குத் தேர்வு எழுதியபோதுகூட அவர் அப்படிப் பதறியிருக்கமாட்டார்.

ஆற்றுமணல், செங்கல் தூள், மக்கிய எரு மூன்றையும் சலித்துக் கலக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. குயவரிடம் போய் அகலமாக, ஆழமில்லாமல், அடியில் நாலு ஓட்டையோடு தட்டு வேண்டும் என்று கேட்டபோது நானும் கூட இருந்தேன்.

"ஓட்டை விழுந்தா சட்டியைத் திருப்பிக் கொண்டாருவாங்க. நீங்க ஓட்டையோட கேக்குறீங்களே சார்?" என்று குயவர் சிரித்தார். ஆனாலும் செய்து கொடுத்தார்.

கிளையை வளைக்கச் செம்புக்கம்பி வேண்டியிருந்தது. மன்னார்குடியில் பம்புசெட்டு மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற கடையில் எரிந்துபோன மோட்டாரின் கம்பியை வாங்கி வந்தார். சுற்றியதைப் பிரிக்க மறந்து, கம்பி பட்டைக்குள் பதிந்து, ஒரு நல்ல கிளை போயிற்று. அதற்குப் பிறகு தினமும் காலையில் கம்பியை விரலால் தடவிப் பார்க்காமல் பள்ளிக்கூடம் வரமாட்டார்.

எனக்கும் ஒரு புளியங்கன்று கொடுத்தார். "ஒரே நாள்ல வேரையும் கிளையையும் வெட்டாதீங்க சார். ஒரு காயம் ஆறட்டும், அப்புறம் அடுத்ததைத் தொடுங்க. வெயில்ல வைங்க. மேல்மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க" என்றார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவர் எத்தனை உயிரைக் கொடுத்திருந்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

அவருடைய அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஆடு வாங்கி வளத்திருந்தா இந்நேரம் நாலு குட்டி போட்டிருக்கும். இது என்ன போடும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். குளத்திலிருந்து குடம் தூக்கிவருகிறவர் அந்த அம்மாள்தான்.

"வீட்டைச் சுத்தி ஒரு மரம்கூட இல்லையே சார், ஒரு முருங்கையாவது வைக்கக்கூடாதா?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டேன். அவர் தட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும். எங்க அப்பா ஒரு தென்னம்பிள்ளை வச்சாரு. ரெண்டு வருஷம். என் இடுப்பு உயரம் வந்துடுச்சு. மிராசுதாரோட காரியஸ்தர் வந்து பாத்தாரு. 'மரம் வச்சா நாளைக்குப் பாத்தியதை கேப்பீங்க, எடுத்துடு'ன்னாரு. அவங்க ஆளு யாரும் தொடல. எங்க அப்பாவையே மண்வெட்டி எடுத்துட்டு வரச்சொல்லி, தோண்டி, பிடுங்கவச்சாரு. அப்பா அதைத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியாம ஊரைச் சுத்தி வந்தாரு. சாயந்தரம் ஆத்துல விட்டுட்டு வந்துட்டாரு சார்."

அவருக்கு ஏன் தட்டோடு தூக்கிக்கொண்டு போகிற மரம் வேண்டியிருந்தது என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அது ஊரெல்லாம் நிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம். அறுப்புக்கூலிக்காக ஒருபக்கம் செங்கொடி. வெளியூர் ஆள் இறக்கி அறுக்கப் பார்க்கிற மிராசுதாரர்கள் ஒருபக்கம். அந்த ஊர் மிராசுதார் ஆட்சி மாறியதும் கட்சியும் மாறி, வேட்டியின் கரையையும் மாற்றிக்கொண்டுவிட்டார். பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிற விவசாயக் கூலிகளுக்கு அந்த மனை சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதியில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். தெற்குத் தெருவுக்கு மொத்தமாகப் பட்டா வந்துவிட்டது. களத்து ஓரத்துக் குடிசை ஒன்றுக்கு மட்டும் ஆட்சேபணை. மிராசுதார் அங்கே ரைஸ்மில் போட நினைத்திருந்தார். லாரி திரும்ப அந்த இடம் வேண்டும்.

சின்ன சார் அம்மா பெயரில் மனு கொடுத்தார். பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தார். செங்கொடிச் சங்கத்துக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "காகிதம் எழுதிக்கிட்டே உக்காந்திருந்தா காரியம் ஆவாது. நூறு பேரைக் கூட்டிக்கிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போவோம், வாங்க" என்று கூப்பிட்டார்.

"பத்து நாள் பாப்போங்க" என்றார் இவர்.

வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்கும் அன்று எரிச்சலாக இருந்தது. பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள் இப்படித்தானே இருப்பார் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து, அந்தக் குடிசை தாங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருப்பதாகச் சொன்னார்கள். "எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்க. இது எடுபடாது" என்றார் அதிகாரி. குடிசைக்குக் கதவு எண்ணும் இல்லை. ரேஷன் கார்டில் தெருப் பெயர்தான் இருந்தது.

காரியஸ்தர் பணிவாகச் சொன்னார்: "தெருவுல இருந்தவங்கதாங்க. சட்டம் வந்த பெறகு இங்க கொண்டாந்து குடிசை போட்டுட்டாங்க. நீங்களே பாருங்க. வருஷக்கணக்கா குடியிருக்கிறவன் ஒரு முருங்கைகூடவா வைக்காம இருப்பான்?"

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். மரம் இல்லை. குடிசை வாசலில் வரிசையாக ஏழு தட்டுகள்.

"எங்களை வைக்கவிடலைங்க. அதனாலதான் இதெல்லாம்..." என்றார் சின்ன சார். குனிந்து பெரிய ஆலமரத்துத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். "சார், நேத்து பஸ்சுல கொண்டாந்து வச்சிருந்தாலும் இது இப்படித்தானே நிக்கும்? இதை எப்படி நான் எழுதறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஹெட்மாஸ்டர். சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. நீங்க சொல்லுங்க. இந்தக் குடிசை ரொம்ப நாளா இங்கதான் இருக்கா?"

எனக்குத் தெரியும். என் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். என் அப்பா அதே மிராசுதாரின் நிலத்தைத்தான் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். சின்ன வயதில் ஒவ்வோர் அறுப்புக்கும் குத்தகை நெல் ஏற்றிய வண்டியில் அந்தக் களத்துக்கு வந்திருக்கிறேன். அந்தக் குடிசையிலிருந்து ஒருவர் வந்து எங்கள் மாடுகளுக்கு வைக்கோல் உதறிப்போடுவார். எங்களுடையது வாய்வழிக் குத்தகை. எங்கும் பதிவு இல்லை. போ என்றால் போக வேண்டியதுதான். காரியஸ்தர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, சும்மாதான் பார்த்தார்.

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே நீங்க சொல்ற தேதிக்கு அப்புறம்தாங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். சின்ன சார் தட்டைக் கீழே வைத்தார். மண் சிந்தியிருந்தது. அதை விரலால் கூட்டியெடுத்து மறுபடி தட்டில் போட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எப்போதும்போல எனக்கும் சேர்த்து ஊறுகாய் கொண்டுவந்திருந்தார். நான் சாப்பிட்டேன்.

உத்தரவு எதிராக வந்தது. அது வந்த இரண்டாம் நாளே டிராக்டரும் வந்தது. நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். தெருவிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, "சார், வீட்டை இழுக்கிறாங்க" என்றாள். அவர் கையிலிருந்த சாக்குக்கட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினார். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நான் நின்றுவிட்டேன். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயந்தரம் போனபோது களத்து ஓரம் காலியாக இருந்தது. கூரைக் கீற்றும் மூங்கிலும் ஒரு குவியலாகக் கிடந்தன. சாலையோரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழு தட்டுகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. சட்டிபானை, துணிமணி எல்லாம் குவியலுக்குள்.

"ரெண்டு நிமிஷம் குடுத்தாங்க. அதுல எங்க அம்மா இதைத்தான் எடுத்துவச்சிருக்கு சார்" என்றார் அவர்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அவன் வேற என்னத்தைச் சேத்துவச்சிருக்கான்? பானையெல்லாம் நான் வாங்கினது."

அதற்குப் பிறகு அவர்கள் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நாலு கீற்றைச் சாய்த்து இருந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது, உப்பளப் பக்கம், கடலோரத்தில் ஓர் ஊர். யார் சொல்லி வந்தது என்று ஊருக்கே தெரியும். பஸ் கூரையில் வைக்கோல் பரப்பி ஏழு தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போனார். உப்புக்காற்றில் அவை என்ன ஆயின என்று தெரியாது. அங்கே ஒரு வாடகை வீட்டில் அந்த அம்மாள் இரண்டு வருஷம்தான் இருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த மனையில் ரைஸ்மில் லாரிகள் திரும்பின. என் அப்பா சாகும்வரை அந்தக் குத்தகை நிலத்தை உழுதார்.

அவர் மாற்றலாவதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிட வேண்டும். பலநாள் தூக்கம் கெட்டுக்கிடந்து, கடைசியில் அன்று மத்தியானம் வாய்க்கால் கரைக்குப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீற்றுச் சரிவுக்கு வெளியே அவர் குந்தியிருந்தார். பெரிய ஆலமரத்தைத் தட்டிலிருந்து எடுத்துச் சாக்கின்மேல் சாய்த்து, ஒரு குச்சியால் வேர்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தட்டின் உருவத்திலேயே வேர் பின்னிக்கிடந்தது.

"சார், அப்பீல் போடுவோம். நானே வந்து சொல்றேன்" என்றேன்.

"என்ன சொல்லுவீங்க?"

"குடிசை ஆதியிலேருந்து அங்கதான் இருந்துச்சுன்னு. எனக்குத் தெரியும் சார். சின்ன வயசுலயே தெரியும். அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் நிமிரவில்லை. ஒரு வேரைப் பிரித்து ஒதுக்கினார்.

"தெரியும் சார். நெல்லு மூட்டை மேல உக்காந்து வருவீங்க. பச்சைக் கால்சட்டை. எங்க அப்பா வைக்கோல் போடுறப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க பள்ளிக்கூடத்துல வந்து சேந்த அன்னிக்கே எனக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் சார் அந்த ஆபீசர் முன்னாடியே கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்பீங்க. அதான் கேக்கல."

"அப்பீல்ல சொல்றேன் சார்."

"கெடு முந்தாநாளோட முடிஞ்சிடுச்சு. வக்கீல் குமாஸ்தா ரெண்டு தரம் ஆள் விட்டாரு, பெரிய சாரைக் கூட்டிக்கிட்டு வந்தா ஜெயிச்சிடலாம்னு. யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உங்க அப்பாவுக்கு வேற நிலம் ஏது சார்?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கீற்றை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் வெளியே வந்தார். ஜெயித்திருக்கலாம் என்பதை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"அவங்க அப்பாவுக்கு வேற நிலம் ஏதுன்னு கேக்குற. உன்னைப் பெத்தவளுக்கு வேற எடம் ஏதுடா?"

தூறல் வலுத்தது. அந்த அம்மாள் நனைந்தபடி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார். வீட்டை இழுத்த அன்றுகூட அவர் அழவில்லை. சின்ன சார் வேரைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார். நான் என் குடையை அவர்கள் இருவருக்கும் நடுவில் பிடிக்கப் பார்த்தேன். யார் மேலும் அது சரியாகப் படவில்லை.